மூணு வயசுப் பிள்ளைங்களுக்கு பாட்டு கிளாஸ்: கோடாய், ஓர்ஃப், சுசுகின்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க, எதைப் படிக்கறது?

சுருதிப்பெட்டி:

வணக்கம் மக்களே, கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கோங்க.

நான் வாய்ப்பாட்டு டீச்சர். பதினோரு வருஷமா சொல்லிக்கொடுக்கறேன், ஆனா இதுவரைக்கும் என்கிட்ட வந்ததுலயே குட்டின்னா அது ஏழு வயசு. ஏழு வயசு உட்காருன்னா உட்காரும், சரளி வரிசை சொல்லுன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாவது சொல்லும். இப்ப ஒரு பிளேஸ்கூல்ல மூணுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு வாரம் ரெண்டு நாள், அரை அரை மணி நேரம் பாட்டு எடுக்கச் சொன்னாங்க, சின்னதுங்கதானே ரெண்டு பாட்டு சொல்லிக்கொடுத்தா போச்சுன்னு நானும் தலையை ஆட்டிட்டேன்.

முதல் கிளாஸ். பதினாலு பேரையும் வட்டமா உட்கார வச்சேன், சுருதிப் பெட்டியைப் போட்டேன், கண்ணை மூடி ஒரு ஸ பிடிச்சேன். கண்ணைத் திறந்தா வட்டத்துல ஒம்பது பேர்தான் இருக்காங்க. ஒருத்தன் மேஜைக்கு அடியில போய் உட்கார்ந்துட்டான், ஒருத்தன் சுருதிப் பெட்டி மேல வாயை வச்சு அதுக்குள்ள கத்திட்டு இருக்கான், ரெண்டு பேர் ஜன்னல்கிட்ட, ஒரு பாப்பா மட்டும் என் பக்கத்துல வந்து ரொம்ப மரியாதையா "ஆண்ட்டி, முடிஞ்சிடுச்சா?"ன்னு கேக்குது. அப்ப நாலு நிமிஷம் கூட ஆகல.

வீட்டுக்கு வந்து நைட் பூரா நெட்ல தேடினேன். கோடாய் மெத்தட், ஓர்ஃப், டால்க்ரோஸ், சுசுகி, மாண்டிசோரி, கார்டன்னு பேரு பேரா வருது, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா லெவல் ஒண்ணு லெவல் ரெண்டுன்னு சர்டிபிகேட் கோர்ஸ், ஒவ்வொருத்தரும் எங்களோடதுதான் சரின்னு சொல்றாங்க. என் கேள்வி ரெண்டுதான். ஒண்ணு, இதுல எதைப் படிச்சா இந்த வயசுக்கு உதவும்? ரெண்டு, மத்த நாடுகள்ல இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு டீச்சருங்க கிளாஸ்ல நிஜமா என்னதான் பண்றாங்க? அப்புறம் கடைசியா ஒரு சின்ன வருத்தம், என் கூடப் படிச்ச ஒருத்தி விஷயத்தைக் கேட்டுட்டு "என்னடி, பேபி சிட்டிங்குக்கு போயிட்டியா"ன்னா. சிரிச்சுட்டேன், ஆனா குத்துச்சு.


நடைதாளம்:

சுருதிப்பெட்டி சிஸ், உங்க பதிவைப் படிச்சு சிரிச்சேன், ஏன்னா என் முதல் கிளாஸும் அச்சு அசல் இப்படித்தான். பத்தொம்பது வருஷமா இந்த வயசுக்கு மட்டும்தான் எடுக்கறேன். உங்க கடைசி வருத்தத்துல இருந்து ஆரம்பிக்கறேன். ஹங்கேரி இசையமைப்பாளர் கோடாய் 1929லயே ஒரு கட்டுரையில இதைப் பத்திச் சொல்லிட்டாரு. கிஷ்வார்தாங்கிற சின்ன ஊர்ல பாட்டு வாத்தியாரா யார் இருக்காங்கங்கறது தலைநகர்ல ஓபரா ஹவுஸுக்கு டைரக்டரா யார் இருக்காங்கங்கறதை விட முக்கியம், மோசமான டைரக்டர்னா சீக்கிரம் போயிடுவாரு, மோசமான வாத்தியார்னா முப்பது வருஷத்துப் பிள்ளைங்களுக்கு இசை மேல இருக்கற ஆசையையே கொன்னுடுவாருங்கற மாதிரி. உங்க ஃப்ரெண்டுக்கு ஃபார்வர்ட் பண்ணிடுங்க.

இப்ப கோர்ஸ் விஷயம். எதுக்கும் இப்போதைக்கு பணம் கட்டாதீங்க. ஏன் சொல்றேன்னா, இந்தப் பெரிய பேருங்க யாருமே ஒரு மெத்தட் எழுதி வச்சுட்டு பிள்ளைங்களைத் தேடிப் போகல, எங்கயோ ஒரு இடத்துல கண்ணு முன்னாடி ஒண்ணு சொதப்பறதைப் பார்த்துத்தான் ஆரம்பிச்சிருக்காங்க, உங்களுக்கு மேஜைக்கு அடியில ஒருத்தன் போனான்ல அந்த மாதிரி.

டால்க்ரோஸ் 1892ல இருந்து ஜெனீவா கன்சர்வேட்டரில, அதாவது இசைக் கல்லூரியில, ஹார்மனி எடுத்தவரு. கன்சர்வேட்டரி பசங்க, விரல் எல்லாம் பிரமாதமா ஓடும், ஆனா தாளம் நிக்காது. அதே பசங்க ரோட்டுல நடந்து போறப்ப பார்த்தா நடை ஒரே சீரா இருக்கு. அப்ப தாளம் உடம்புல ஏற்கனவே இருக்கு, இசைக்கும் உடம்புக்கும் நடுவுலதான் ஒயர் அறுந்திருக்குன்னு பிடிச்சாரு. அதுக்கப்புறம்தான் பியானோவை வாசிச்சு நடக்க விடறது, வேகம் மாறினா நடை மாறணும், நின்னா நிக்கணும், எல்லாம். நீங்க அடுத்த கிளாஸ்ல செய்ய வேண்டியது முதல்ல இதான். உட்கார வைக்காதீங்க. ஒரு சின்ன டிரம்மை எடுத்து அவங்க நடைக்கு நீங்க வாசிங்க, உங்க வாசிப்புக்கு அவங்க நடக்கறது அப்புறம். பிள்ளைங்களோட இயல்பான நடை நம்மளோடதை விட வேகம், இதைப் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, நான் பாட்டுக்கு பெரியவங்க காலப்பிரமாணத்துல தட்டிட்டு ஏன் ஒருத்தனும் சேர மாட்டேங்கறான்னு யோசிச்சிட்டு இருந்தேன்.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஓர்ஃப் கதை வேற. 1924ல மூனிக்ல டோரோத்தே குந்தரும் அவரும் சேர்ந்து ஆரம்பிச்ச ஸ்கூல் பெரிய பொண்ணுங்களுக்கு, டான்ஸ், ஜிம்னாஸ்டிக்ஸ், இசை மூணும் கலந்தது. சின்னப் பிள்ளைங்களுக்குன்னு அது திரும்பினது 1948ல பவேரியா ரேடியோல பிள்ளைங்களுக்கு நிகழ்ச்சி பண்ணப்பதான். அதுல பிள்ளைங்களோட தரையில உட்கார்ந்து வேலை பார்த்தது குனில்ட் கீட்மன்னு ஒரு அம்மா, வெளிய தெரியறது என்னவோ ஓர்ஃப் பேரு மட்டும்தான், அது ஒரு பக்கம் இருக்கட்டும். இதுல எனக்குப் பிடிச்சது ஒரே ஒரு தந்திரம். ஓர்ஃப் சைலோபோன்ல கட்டைங்களைக் கழட்டி எடுத்துடலாம். ஏழு சுரத்துல மவும் நியும் எடுத்துட்டா என்ன மிஞ்சும்? ஸ ரி க ப த. நம்ம மோகனம்! பிள்ளை எங்க தட்டினாலும் அபஸ்வரம் வராது, பத்து பேர் ஒரே நேரத்துல கண்டபடி தட்டினாலும் காதுக்கு ஓகேவா இருக்கும், "தப்பு, இப்படி இல்ல"ன்னு டீச்சர் சொல்லவே வேண்டியதில்ல. நான் முதல் தடவை அந்த ரெண்டு கட்டையையும் கழட்டிட்டு ஒரு நாலு வயசுப் பொண்ணுகிட்ட குச்சியைக் குடுத்தப்ப அது ஒரு தட்டு தட்டிட்டு என் மூஞ்சியைப் பார்த்துச்சு, நான் ஒண்ணும் சொல்லலைன்னு தெரிஞ்சதும் இன்னொண்ணு தட்டிட்டு மறுபடி பார்த்துச்சு. நாலாவது தட்டுக்கு அப்புறம் என்னைப் பார்க்கவே இல்ல.

கோடாய் கிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது பாட்டு. வாத்தியம் எல்லாம் பிறகு, முதல்ல சொந்தக் குரல், அதுவும் தாய்மொழிப் பாட்டு, நாட்டுப்புற மெட்டு. அவரே பார்டோக்னு இன்னொரு ஹங்கேரி இசையமைப்பாளர் கூட சேர்ந்து ஊர் ஊரா போய் பாட்டு சேகரிச்சவரு. மியூசிக் கல்வி எப்ப ஆரம்பிக்கணும்னு கேட்டதுக்கு குழந்தை பிறக்கறதுக்கு ஒம்பது மாசம் முன்னாடின்னாரு, அப்புறம் அதையும் திருத்தி, அம்மா பிறக்கறதுக்கு ஒம்பது மாசம் முன்னாடின்னாரு. ஆனா ஹங்கேரில நர்சரி பிள்ளைங்களுக்கு இதை நிஜமா எப்படிப் பண்றதுன்னு உட்கார்ந்து வகுத்தது கடாலின் ஃபோரை. நீங்க நெட்ல பார்த்திருப்பீங்களே, சுரத்துக்கு ஒரு கை சைகை, அது கோடாயோடது இல்ல, இங்கிலாந்துல சாரா கிளவர்னு ஒரு டீச்சர் போட்ட அடித்தளத்து மேல ஜான் கர்வென் 19ஆம் நூற்றாண்டுல பண்ணது, ஹங்கேரிக்காரங்க அதை வாங்கிக்கிட்டாங்க.

ஒண்ணு மறந்துட்டேன், இது முக்கியம். நீங்க எந்தக் கட்டையில, அதாவது எந்தச் சுருதியில, பிடிச்சீங்க? அஞ்சு கட்டைன்னா அதான் பிரச்சனை. இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு வசதியான இடம் ரொம்பக் குறுகல், அஞ்சு ஆறு சுரம்தான். உங்க அஞ்சு கட்டைக்கு கணக்கு போட்டா பஞ்சமத்துல இருந்து மேல் ரிஷபம் வரைக்கும். நீங்க கண்ணை மூடிப் பிடிச்ச ஸ அவங்களுக்கு கிணத்துக்குள்ள இருக்கு.


சும்மாஇரு:

இவ்ளோ எல்லாம் எதுக்குங்க, மோசார்ட் போட்டு விட்டா மூளை தானா வளரும்னு என் கசின் அவ வயித்துல ஹெட்போன் வச்சிட்டு இருந்தா. அந்தப் பையனுக்கு இப்ப ஒம்பது வயசு, ஹோம்வொர்க் எழுத அழறான் 😂


காதுகுளிர:

சும்மாஇரு ப்ரோ, நீங்க காமெடிக்குச் சொன்னாலும் அந்த மோசார்ட் கதை எப்படிக் கிளம்புச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா இன்னிக்கும் இதைக் காட்டித்தான் பாதி கிளாஸுங்க பெத்தவங்ககிட்ட காசு பிடுங்குது. 1993ல நேச்சர் பத்திரிகையில ஒரே ஒரு பக்கத்துல வந்த சின்ன ஆய்வு. 36 காலேஜ் ஸ்டூடண்ட்ஸ், பத்து நிமிஷம் மோசார்ட் ரெண்டு பியானோவுக்குன்னு எழுதின சொனாட்டா ஒண்ணு கேட்டாங்க, அதுக்கப்புறம் பேப்பரை மடிச்சு வெட்டினா எப்படி இருக்கும்ங்கற மாதிரி இட அமைப்பு சம்பந்தப்பட்ட கேள்விகள்ல கொஞ்சம் நல்லாப் பண்ணாங்க. அந்த எஃபெக்ட் எவ்ளோ நேரம் நின்னுச்சு? பத்து பதினஞ்சு நிமிஷம். குழந்தைங்கற பேச்சே அதுல கிடையாது. ஆனா 1998ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநில கவர்னர், பிறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கிளாசிக்கல் சிடி குடுக்கறேன், 1,05,000 டாலர் ஒதுக்குங்கன்னு பட்ஜெட்லயே கேட்டாரு.

குழந்தைங்களை வச்சே பண்ண ஆய்வுங்க இதை விட ஆயிரம் மடங்கு சுவாரசியம், அதைத்தான் யாரும் பேச மாட்டேங்கறாங்க. 2005ல ஹன்னன், டிரெஹப்னு ரெண்டு பேர் பண்ணது. தென்கிழக்கு ஐரோப்பாவுல பால்கன் பக்கத்துப் பாட்டுல ஏழு எண்ணிக்கை மாதிரி கோணல் தாளம் வரும் இல்லையா, அதுல ஒரு இடத்துல தாளத்தைக் கெடுத்தா வட அமெரிக்காவுல வளர்ற ஆறு மாசக் குழந்தை கண்டுபிடிக்குது, அந்தத் தாளத்தை அது வாழ்க்கையிலயே கேட்டதில்ல. அதே ஊர்ல பெரியவங்களுக்கு அது பிடிபடல, பன்னெண்டு மாசக் குழந்தைக்கும் பிடிபடல. அதாவது ஆறு மாசத்துக்கும் ஒரு வயசுக்கும் நடுவுல காது வீட்டுத் தாளத்துக்கு செட்டில் ஆயிடுது, பேச்சு ஒலிகள்ல நடக்கற மாதிரியே. ஆனா அந்த ஒரு வயசுக் குழந்தைங்களுக்கு ரெண்டு வாரம் அந்தப் பாட்டைப் போட்டுக் கேக்க வச்சாங்க, திரும்ப வந்துடுச்சு. பெரியவங்களுக்கு அந்த அளவு திரும்பல.

அதே வருஷம் இன்னொண்ணு, ஏழு மாசக் குழந்தைங்களைக் கையில வச்சுக் குதிக்க வச்சுகிட்டே அழுத்தம் இல்லாத ஒரே டிரம் ஒலியைப் போட்டாங்க. பாதிப் பேரை ரெண்டு ரெண்டா குதிக்க வச்சாங்க, பாதிப் பேரை மூணு மூணா. அப்புறம் அழுத்தம் வச்ச ரெண்டு வெர்ஷனையும் போட்டுக் காட்டினா, ரெண்டுல குதிச்சது ரெண்டைத்தான் கேக்குது, மூணுல குதிச்சது மூணை. காதுல விழுந்தது ஒண்ணுதான், உடம்பு ஆடினதுதான் வேற. நடைதாளம் சொன்ன டால்க்ரோஸ் நூறு வருஷம் முன்னாடி சொன்னதும் கிட்டத்தட்ட இதான்னு நினைக்கறேன்.

அதனால சுருதிப்பெட்டி, ஐக்யூ ஏறும்னு யாராவது பெத்தவங்க உங்ககிட்ட கேட்டா ஏறும்னு சொல்லிடாதீங்க ப்ளீஸ்.


பெட்டிவயலின்:

நான் டீச்சர் இல்ல, சுசுகி வயலின் கிளாஸ்ல பொண்ணு கூட உட்கார்ந்த அம்மா. சுசுகி பத்தி யாரும் எழுதலையேன்னு வந்தேன்.

இதுல முதல் அதிர்ச்சி, கிளாஸ்ல சேர்ந்தது பொண்ணு இல்ல, நான். முதல் சில வாரம் வயலின் என் கையில, அவ ஓரமா உட்கார்ந்து பொம்மையோட விளையாடிட்டு பார்த்துட்டு இருந்தா. அம்மா வாசிக்கறதைப் பார்த்து அவளுக்கே "எனக்கு எப்ப?"ன்னு ஆசை வரணுமாம். வந்துச்சு. வந்தப்ப அவ கையில குடுத்தது வயலின் இல்ல, அட்டைப் பெட்டியில ஒரு ஸ்கேலை ஒட்டி செஞ்ச டப்பா வயலின். காலுக்கு ஒரு பேப்பர், அதுல அவ பாதத்தை வரைஞ்சு, இதுல நில்லு, அப்புறம் இதுல நில்லு. ஒரு மாசம் சத்தமே வராத வயலினைப் பிடிச்சுகிட்டு குனிஞ்சு வணக்கம் சொல்லக் கத்துக்கிட்டா. என் மாமனார் "இதுக்கா ஃபீஸ்"ன்னு கேட்டாரு, என்கிட்ட பதில் இல்ல.

அப்புறம்தான் சுசுகி எப்படி இந்த யோசனைக்கு வந்தாருன்னு படிச்சேன். பெர்லின்ல வயலின் படிச்சுட்டு ஜப்பான் திரும்பினவர்கிட்ட ஒரு அப்பா நாலு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்து சொல்லிக்கொடுங்கன்னாராம், இவருக்கு எப்படின்னே தெரியல. யோசிச்சு யோசிச்சுப் பார்த்தா, ஜப்பான்ல ஒவ்வொரு குழந்தையும் ஜப்பானிய மொழி பேசுதே, அதை எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கலையேன்னு பொறி தட்டுச்சாம். அப்ப அதே வழி. பேசக் கத்துக்கற பிள்ளைக்கு நாம எழுத்தா முதல்ல காட்டறோம்? காது நிறையக் கேக்க விடறோம், சொன்னதையே சொல்ல விடறோம், "அம்மா"ன்னு ஒரு வார்த்தை வந்தா வீடே கொண்டாடுது. அதனால நொட்டேஷன் எல்லாம் பிறகு, வீட்ல தினமும் அந்த ரெக்கார்டிங் ஓடிட்டே இருக்கணும். அந்த நாலு வயசுப் பையன் தோஷியா எத்தோ, பின்னாடி பெரிய வயலினிஸ்ட் ஆனாரு. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட மட்சுமோட்டோல சுசுகி ஆரம்பிச்ச ஸ்கூல் 1964ல பத்துப் பிள்ளைங்களோட அமெரிக்கா போனப்பதான் வெளி உலகமே திரும்பிப் பார்த்துச்சு.

இப்ப குறை. எங்களுக்கு முதல்ல கிடைச்ச டீச்சர் தங்கம். அவங்க போனதுக்கு அப்புறம் வந்தவரு, பேரு வேண்டாம், சுசுகி புக்கு பத்து வால்யூம் இருக்கு இல்லையா, அதை மாடிப்படி மாதிரி ஏற வச்சாரு. வெயிட்டிங் ரூம்ல அம்மாங்க பேசிக்கறதே "உங்களுது எத்தனாவது புக்கு?"தான். நானும் அதே கேள்வியைக் கேட்டிருக்கேன், மறைக்க விரும்பல. ட்விங்கிள் மெட்டுல இருக்கற வேரியேஷனை ஆறு மாசம் சந்தோஷமா வாசிச்ச பொண்ணு, மூணாவது புக்குல வயலினைப் பெட்டியில வச்சு மூடிட்டா. மெத்தட் அதேதான், புக்கு அதேதான், ஆளு மாறினதும் எல்லாம் மாறிடுச்சு. அதனால நான் சொல்ல வர்றது, சர்டிபிகேட்ல என்ன பேரு இருக்குன்னு பார்க்கறதை விட அந்த முதல் டீச்சர் மாதிரி யாராவது கிடைச்சா அவங்க கிளாஸ் மூலையில ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்க.


பனிமலர்:

பின்லாந்துல இருந்து எழுதறேன். இங்க முஸ்காரின்னு ஒண்ணு உண்டு, ஸ்கூல் போறதுக்கு முன்னாடி வயசுப் பிள்ளைங்களுக்கான மியூசிக் விளையாட்டு கிளாஸ், கைக்குழந்தையில இருந்தே. குழந்தைங்களுக்குன்னா அம்மாவோ அப்பாவோ மடியில வச்சுகிட்டு கூடவே உட்காரணும், கொஞ்சம் வளர்ந்ததும் தனியா குரூப்பா. எங்க டீச்சர் இதுக்குன்னே டிகிரி படிச்சவங்க, பெரிய பிள்ளைங்களுக்கு எடுக்கத் தெரியாம இங்க வந்தவங்க இல்ல, இந்த வயசுதான் அவங்க தொழில்.

கிளாஸ் எப்படி இருக்கும்னு கேட்டீங்க. வந்ததும் ஒரே பாட்டு, ஒவ்வொரு பிள்ளை பேரையும் சொல்லி வரவேற்கறது, வருஷம் பூரா அதே பாட்டு. என் பையன் ஒரு நாள் லேட்டா போய் அந்தப் பாட்டு முடிஞ்சிருந்துச்சு, அவன் பேர் பாடாம உள்ள வர மாட்டேன்னு கதவுகிட்டயே நின்னுட்டான், டீச்சர் எழுந்து போய் அவனுக்கு மட்டும் ஒரு தடவை பாடினாங்க. அப்புறம் ஒரு விரல் விளையாட்டு, ஒரு ஓட்டம், ஒரு தாலாட்டு மாதிரி மெதுவா ஒண்ணு, அஞ்சு கம்பி காந்தலேன்னு மடியில வச்சு மீட்டற வாத்தியம் வெளிய வரும், எல்லாமே மூணு நாலு நிமிஷத்துக்கு மேல போகாது. கடைசியில போயிட்டு வரேன் பாட்டு. டீச்சர் "இப்ப அமைதியா இருங்க"ன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல, மெதுவான பாட்டை ஆரம்பிச்சுடுவாங்க, அவ்ளோதான்.

பக்கத்துல எஸ்தோனியால கிண்டர்கார்டன்லயே மியூசிக் டீச்சர்னு தனி போஸ்ட் உண்டு, வெளிய இருந்து வாரம் ஒரு நாள் வந்துட்டுப் போறவங்க இல்ல, ஸ்டாஃப்ல ஒருத்தர். ஜப்பான்ல நேர்மாறு, வகுப்பு டீச்சரே பியானோ வாசிச்சுகிட்டே பாடணும், அதுக்கு ட்ரெய்னிங்ல நிறைய நேரம் போகுது, பதினெட்டு வயசுல முதல் தடவை பியானோவைத் தொட்ட பொண்ணுங்க அதுல படற பாடு தனி. எது நல்லதுன்னு கேட்டா எனக்கு ரெண்டாவதுல ஒரு ஆசை உண்டு, ஏன்னா பாட்டு அப்ப "மியூசிக் பீரியட்"ல மட்டும் நிக்காது, கை கழுவப் போறப்பவும் வரும்.


சுருதிப்பெட்டி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பதில் எதிர்பார்க்கல. ஆமா நடைதாளம், அஞ்சு கட்டைதான் 🙈 பதினோரு வருஷமா எல்லாருக்கும் அதான்.

அஞ்சு வாரம் ஆச்சு, அப்டேட் சொல்றேன். சுருதிப் பெட்டியை வீட்லயே விட்டுட்டுப் போறேன். முதல் பத்து நிமிஷம் யாரும் உட்காரறதில்ல, நான் உட்பட. பேர் சொல்ற பாட்டு ஒண்ணு நானே மூணு சுரத்துல கட்டினேன், பனிமலர் உங்களுக்கு ஸ்பெஷல் தேங்க்ஸ், அந்த "முடிஞ்சிடுச்சா" பாப்பா இப்ப அவ பேரை ரெண்டு தடவை பாடணும்னு சண்டை போடுது. மோகனம் மேட்டர் சொன்னதும் எனக்கு சிரிப்பு தாங்கல, வாழ்நாள் பூரா மோகனம் பாடிட்டு இது தோணலையேன்னு.

ஆனா ஒருத்தன். முதல் நாள் மேஜைக்கு அடியில போனான்னு சொன்னேன்ல, அவன் இன்னும் மேஜைக்கு அடியிலதான். பத்து கிளாஸ். பாடல, நடக்கல, குச்சியைக் குடுத்தா வாங்கல, கூப்பிட்டா தலையைத் திருப்பிக்கறான். அழறதும் இல்ல, கால் மேல கால் போட்டு உட்கார்ந்து பார்க்கறான். ஸ்கூல்ல "இழுத்து உட்கார வைங்க மிஸ், பழகிடும்"னு சொல்றாங்க. எனக்கு மனசு வரல. என்ன பண்றது?


நடைதாளம்:

இழுக்காதீங்க, தயவுசெஞ்சு.

எட்வின் கார்டன்னு ஒரு அமெரிக்கர், 2015ல இறந்துட்டாரு, வாழ்க்கையில பெரும்பகுதி இதையே ஆராய்ச்சி பண்ணவரு. அவர் சொல்றது, பிள்ளை திருப்பிப் பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வெறுமனே உறிஞ்சற காலம் ஒண்ணு இருக்கு, பேச்சு வர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் கேட்டுட்டே இருக்குமே அது மாதிரி. அந்தக் கட்டத்துல பதில் கேக்கக் கூடாது, குடுத்துட்டே இருக்கணும். இசைத் திறனே ஒம்பது வயசு வாக்குலதான் நிலைக்கு வருது, அது வரைக்கும் சுத்தி என்ன கேக்குதோ அதைப் பொறுத்து ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும்ங்கறது அவர் கருத்து. எல்லாரும் ஒத்துக்கறாங்கன்னு இல்ல, ஆனா கிளாஸ்ல நான் பார்த்ததுக்கு ஒத்துப்போகுது.

அவர் வழியில வந்த டீச்சருங்க ஒண்ணு பண்ணுவாங்க. வார்த்தை இல்லாத சின்ன மெட்டு ஒண்ணைப் பாடிட்டு, முடிஞ்சதும் எதுவும் பேசாம சும்மா இருப்பாங்க. கைதட்டல் இல்ல, "சூப்பர்" இல்ல, அடுத்த பாட்டு இல்ல. நம்மளால அஞ்சு செகண்ட் கூட சும்மா இருக்க முடியாது, முயற்சி பண்ணிப் பாருங்க, கை அரிக்கும். அந்த அமைதியிலதான் ஏதோ ஒரு மூலையில இருந்து ஒரு ஸவோ பவோ வரும், பெரும்பாலும் யார்கிட்ட இருந்து வரும்னு நினைக்கலையோ அவங்ககிட்ட இருந்து. வந்தா திரும்பிப் பார்த்துடாதீங்க, நீங்களும் அதே சுரத்தைத் திருப்பிப் பாடுங்க, அவ்ளோதான்.

இன்னொரு ஐடியா, மாண்டிசோரி மணிகள் கேள்விப்பட்டிருப்பீங்க, மக்கெரோனிங்கற அம்மாவோட சேர்ந்து மாண்டிசோரி பண்ணது. மணி எல்லாம் பார்க்க ஒரே மாதிரி, ஒரே சைஸ், ஒலி மட்டும்தான் வேற. ஒரு வரிசைக்கு அடிப்பாகம் பிரவுன், இன்னொரு வரிசைக்கு வெள்ளையும் கறுப்பும். ஒண்ணைத் தட்டிட்டு, அதோட ஜோடியை மத்த வரிசையில காதாலயே தேடணும். வட்டம் கிடையாது, கூட்டம் கிடையாது, பாட வேண்டாம். கூட்டத்துக்குள்ள வராத பிள்ளைங்க சில பேர் இது மாதிரி தனி வேலைக்கு வருவாங்க. ஒரிஜினல் செட் விலை அதிகம், ஒரே அளவு டப்பா நாலுல ரெண்டுல புளியங்கொட்டை ரெண்டுல மணல் போட்டு மூடினாலும் ஜோடி தேடற விளையாட்டு வந்துடும், சுரம் இல்லைன்னாலும் காது வேலை அதேதான். கிளாஸ் முடிஞ்சு போறப்ப மேஜைக்குப் பக்கத்துல, அவன் கைக்கு எட்டற தூரத்துல, எதுவும் சொல்லாம வச்சுட்டுப் போங்க.


சும்மாஇரு:

டப்பாவை நல்லா டேப் ஒட்டி மூடுங்க டீச்சர், மூணு வயசு, வாயில போட்டுக்கும். (இதுக்காவது நான் யூஸ் ஆனேன்)


சுருதிப்பெட்டி:

கடைசி அப்டேட், அப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.

டப்பாவை வச்சேன், நல்லா டேப் ஒட்டித்தான் சும்மாஇரு. எடுத்தான். ஜோடி எல்லாம் தேடல, நாலையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினான், தள்ளி விட்டான், மறுபடி அடுக்கினான். பாட்டு முடிஞ்சதும் அமைதியா இருக்கற அந்த விஷயமும் மூணு வாரமா பண்றேன், மத்த பிள்ளைங்ககிட்ட இருந்து வந்துச்சு, ஜன்னல்காரன் ஒருத்தன் அழகா ஒரு பஞ்சமம் போட்டான், எனக்குப் புல்லரிச்சுடுச்சு. இவன்கிட்ட இருந்து ஒரு சத்தமும் இல்ல.

நேத்து அவனைக் கூட்டிட்டுப் போக வந்த அவங்க அம்மா, "மிஸ், வீட்ல தாங்க முடியல, என்ன சொல்லிக்கொடுக்கறீங்க"ன்னு ஃபோனைக் காட்டினாங்க. அவங்க ஒளிஞ்சு நின்னு எடுத்த வீடியோ. வீட்ல இருக்கற தலையணை, செருப்பு, ஒரு யானை பொம்மை எல்லாத்தையும் வட்டமா உட்கார வச்சிருக்கான். ஒவ்வொண்ணுக்கும் பேர் பாட்டு பாடறான், வரிசை மாறாம, எங்க கிளாஸ்ல இருக்கற பதினாலு பேரோட பேரும். நான் பாடறதை விட ஒரு கட்டை மேல எடுக்கறான், அது அவனுக்கு சரியா நிக்குது. நடுவுல யானை சாய்ஞ்சு விழுந்துடுச்சு, பாட்டை நிறுத்திட்டு விரலை நீட்டி, "மேஜைக்கு அடியில எல்லாம் போகக் கூடாது, இங்க வா"ன்னு அதட்டினான் பாருங்க.

நான் ஒரு தடவை கூட அவன்கிட்ட அப்படிச் சொன்னதில்லீங்க. சத்தியமா.